புழுங்கல் சோறு

அஸர் தொழுகையில் இரண்டாவது ரக்அத்துக்கு எழ வேண்டிய இடத்தில் நாகூர் மீரானால் எழ முடியவில்லை. நெற்றி பாயில் இருந்தது, கைகள் ஊன்றியிருந்தன, கால்கள் மட்டும் வேறு யாருடையவையோ போலக் கிடந்தன. முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்ற சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்தபடியே மீதித் தொழுகையை முடித்தார். பக்கத்தில் இருந்தவர் சலாம் கொடுத்ததும் கை நீட்டித் தூக்கிவிட்டார். கால் மரத்துப்போச்சு, வேறொன்றும் இல்லை என்று மீரான் சொன்னார். சொன்னபோது அதை அவரும் நம்பினார்.

மரத்துப்போன காலுக்கு மறுநாளும் உணர்வு திரும்பவில்லை.

அவருக்குப் பிழைப்பே கால்தான். சுங்கை பினாங்கில் அத்தாப்புக் கூரை வீடு. பஜ்ர் தொழுகைக்கு முன்பே அவரும் மனைவி சபூராவும் அடுப்பு மூட்டிவிடுவார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் காண்டார் கம்பு தோளில் ஏறும். கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் ஆணம் என்கிற மீன் குழம்பும் கறியும். அப்படியே நடந்து கப்பல்துறைக்குப் போவார். மூட்டை தூக்குகிற சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அவரிடம் சாப்பிட்டார்கள். மீரான் சோறு என்றால் துறையில் ஒரு பேர் இருந்தது. சியாமிலிருந்து வருகிற நல்ல வெள்ளைப் பச்சரிசி. ஒரு பருக்கையோடு ஒரு பருக்கை ஒட்டாது. ஆணத்தை ஊற்றினால் அப்படியே இழுத்துக்கொள்ளும்.

வியாபாரம் முடிந்ததும் பானை அடியில் மிஞ்சிய சோற்றில் ஆணத்தைக் கரண்டியால் வழித்து ஊற்றி அவர் சாப்பிடுவார். கறி ஒருநாளும் மிஞ்சியதில்லை. மிஞ்ச விட்டதுமில்லை. வெறும் ஆணமும் சோறும்தான், காலையும் மத்தியானமும். அதில் அவருக்குக் குறை இருந்ததில்லை. சின்ன வயதில் ஊரில் அவர் தின்றதெல்லாம் சிவந்த புழுங்கல் கஞ்சி. அதில் அடிக்கிற வாடையைச் சகிக்க முடியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர். கப்பலை விட்டு இறங்கிய அன்று பினாங்கில் யாரோ ஒருவர் போட்ட முதல் தட்டுச் சோறு வெள்ளையாக இருந்தது. இதற்காகத்தான் வந்தோம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். புழுங்கல் என்பது தோட்டத்துக் கூலிகளுக்கு அளந்து போடுகிற அரிசி. அவர் வீட்டுக்குள் அது வந்ததில்லை.

ஒருநாள் துறைப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கூலி கூப்பிட்டான். திரும்பினால் அவன் கையில் மீரானின் செருப்பு. அது எப்போது கழன்றதென்று அவருக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், பாதத்துக்குப் பலகையின் சூடு தெரியவில்லை. அடுத்த வாரம் அதே பாலத்தில் கால் தட்டி விழுந்தார். கம்பு நழுவிப் பானைகள் இரண்டு பக்கமும் உருண்டன. சோறு பலகையெங்கும் சிதறிப் பரவியது. காக்கைகள் வந்துவிட்டன. எழுந்திருக்க முயன்று முயன்று முடியாமல் அவர் சோற்றுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கூலிகள் அவரை ரிக்‌ஷாவில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

வெள்ளைக்கார டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. கெண்டைக்காலை அழுத்தினார், மீரான் துடித்துப்போனார். பிறகு குந்தி உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார். குந்த முடிந்தது, எழ முடியவில்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். டாக்டருக்கு உதவியாகக் கூட இருந்த தமிழ் டிரெஸர் மீரானைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்.

"இது பெரிபெரி. தினம் என்ன அரிசி சாப்பிடுறீங்க?"

"சியாம் அரிசி. முதல் தரம்."

"அதாலதான் வந்திருக்கு."

டிரெஸர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆலையில் அரிசியை வெள்ளையாகத் தீட்டும்போது உமிக்குக் கீழே இருக்கிற தோலும் போய்விடுகிறதாம். உடம்புக்கு வேண்டியது அந்தத் தோலில் இருக்கிறதாம். நெல்லைப் புழுக்கி எடுத்தால் அது அரிசியோடு தங்கிவிடுமாம். ஆகையால் இனிமேல் புழுங்கல் சோறு மட்டும்தான். அதோடு தினமும் பச்சைப்பயறு வேகவைத்துத் தின்ன வேண்டும். மருந்து தனியாக ஒன்றும் கிடையாது.

மீரானுக்குக் கோபம் வந்தது. நோய் என்று மட்டும் சொல்லியிருந்தால் பயந்திருப்பார். சோறு என்று சொன்னதும் தன்னைத் திட்டியது போல இருந்தது. "இந்தச் சோத்தைத் துறை முழுக்கத் திங்குது ஐயா. அத்தனை பேரும் நொண்டியா திரியுறாங்க?" என்று கேட்டார்.

"அத்தனை பேரும் இல்ல. வெறும் சோத்தோட நிறுத்திக்கிறவங்களுக்குத்தான் வருது. அதுல சில பேர் உள்ளே வார்டுல படுத்திருக்காங்க, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார் டிரெஸர்.

மீரான் போய்ப் பார்க்கவில்லை. ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் சபூராவிடம் அவர் முதலில் சொன்னது, இதை வெளியில் யாருக்கும் சொல்லக்கூடாது என்பதுதான். மீரான் சோறு மீரானையே முடக்கிவிட்டது என்று துறைக்குத் தெரிந்தால் பானையைத் திறக்க வேண்டியதில்லை. கேட்டவர்களுக்கு வாதம் என்று சொன்னார்கள்.

புழுங்கல் அரிசிக்குச் சபூரா அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளியிடம் போனாள். புஷ்பவள்ளியும் புருஷனும் பத்து காவான் என்கிற ஊர்த் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் வீட்டில் அந்த அரிசிதான் பொங்கியது. விருந்தாளிக்கு என்று பொய் சொல்லி ஒரு படி வாங்கி வந்தாள் சபூரா. சோறு வெந்தபோது அந்தப் பழைய வாடை வீடு முழுக்கப் பரவியது. மீரான் சன்னலைச் சாத்தச் சொன்னார்.

முதல் கவளம் தொண்டையில் நின்றது. பருக்கைகள் தடித்தடியாக இருந்தன. ஆணத்தை ஊற்றினால் உள்ளே இறங்காமல் தட்டின் ஓரத்தில் ஓடிக் குளமாக நின்றது. அவர் விரலால் சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். பச்சைப்பயறு தின்ற அன்று வயிறு உப்பிப் பொருமியது. சபூரா பயற்றைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துப் பார்த்தாள், நெத்திலி போட்டு ஆணமாக்கிப் பார்த்தாள், வெல்லம் கலந்து பார்த்தாள். ஒவ்வொன்றையும் அவர் ருசி பார்த்தார். ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்தது. நாக்கைக் கொண்டு பிழைத்த மனிதர்.

அவளுக்கு வேலை இரட்டிப்பானது. ஒரு அடுப்பில் விற்பனைக்கு வெள்ளைச் சோறு, இன்னொன்றில் அவருக்குப் புழுங்கல். வெள்ளைச் சோற்றை வடிக்கிறபோது எழும் ஆவியை அவர் முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருப்பார். சபூராவின் தம்பி ஷேக் அலாவுதீன் கம்பைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனான். தையல் கடையில் இருந்தவன், அக்காவுக்காக வந்தவன். தோள் காய்த்துப்போய் வந்து தினமும் முனகினான். மச்சானைப் போல அளந்து போடத் தெரியவில்லை என்று ஆட்கள் குறை சொல்கிறார்களாம்.

வாரங்கள் போயின. கால் அப்படியே இருந்தது. மீரான் தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைக் கிள்ளிப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. சொன்னதையெல்லாம் தின்றும் ஒன்றும் நடக்கவில்லையே என்று ஆஸ்பத்திரிக்குப் போய் டிரெஸரிடம் கேட்டார். நரம்பு மெதுவாகத்தான் வளரும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் அவர். எத்தனை மாதம் என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றார். மருந்தென்றால் இத்தனை வேளை என்று ஒரு கணக்கு உண்டு. சோற்றை மருந்தாக்கினால் அதற்கு முடிவே கிடையாதா என்று திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்கு எரிச்சல்.

அந்தச் சமயத்தில் கெலுகோரில் தெரிந்தவர் அப்துல் காதர் வீட்டுக் கல்யாணம் வந்தது. களரிச் சாப்பாடு. பாய் விரித்து, நாலு பேருக்கு ஒரு சஹன் என்று வைத்தார்கள். பெரிய தட்டு நிறைய நெய்ச் சோறு, நடுவில் ஆட்டுக்கறி. மற்ற மூன்று பேரும் கை நனைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். ஒரே தட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மட்டும் வேறு சோறு என்று எப்படிச் சொல்வது? வாதத்துக்குச் சோற்றில் என்ன விலக்கு என்று கேட்பார்கள். அவர் கையை வைத்தார். வைத்த பிறகு நிறுத்தவில்லை. அவ்வளவு நாள் கழித்து வாய் நிறையச் சோறு உதிர்ந்தபோது கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கால் இன்னும் மோசமாகும் என்று பயந்தபடியே எழுந்தார். மோசமாகவில்லை. சொல்லப்போனால் உடம்பு லேசாக இருந்தது. அதுதான் கெடுத்தது. தின்ற கறியில் வந்த தெம்பு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. டாக்டர் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று மீரான் தீர்மானித்தார். அன்று மத்தியானம் புழுங்கல் தட்டைத் தள்ளிவிட்டு, விற்பனைப் பானையிலிருந்து தானே அள்ளிப் போட்டுக்கொண்டார்.

சபூரா பயற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை.

"நான் உங்களுக்குச் சோறு போடல மச்சான். தினம் ரெண்டு வேளை உங்களோட சண்டைதான் போட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு ஓய்ஞ்சு போச்சு" என்றாள்.

"யாரு போடச் சொன்னா?"

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு அடுப்புதான் எரிந்தது. அவரும் சமாதானமாகச் சாப்பிட்டார்.

அந்தச் சமாதானம் நீடிக்கவில்லை. முதலில் கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு வீக்கம் மேலே ஏறியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைத்தது, படுத்தால் நெஞ்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு காலையில் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்த சபூரா அவரிடம் எதுவும் கேட்காமல் தம்பியை ரிக்‌ஷா அழைத்து வர அனுப்பினாள்.

அன்றைக்குப் போய்ப் பார்க்காமல் விட்ட வார்டிலேயே இப்போது படுக்க வைத்தார்கள். பக்கத்துப் படுக்கையில் செருப்புத் தைக்கிற சீனர் ஒருவர். அவருக்கும் இதே வீக்கம். பீங்கான் பூசிய தட்டில் புழுங்கல் சோறும் பயறும் வரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சீனர் தட்டை மூடி வைத்துவிடுவார், அவர் மகன் வெளியிலிருந்து மறைத்துக் கொண்டுவருகிற வெள்ளைக் கஞ்சியைக் குடிப்பார். மீரான் அந்தக் கஞ்சியை எத்தனையோ ஆசையோடு பார்த்திருக்கிறார். ஒருநாள் விடிந்து பார்த்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தட்டு வந்ததும் மீரான் ஒரு பருக்கை விடாமல் தின்றார். பிடித்துத் தின்னவில்லை.

வீக்கம் சீக்கிரமே வடிந்தது. மூச்சும் சரியாயிற்று. கால்தான் பழையபடி மெதுவாக. கைத்தடி ஊன்றிக்கொண்டு வீடு வந்தார். அடுப்பங்கரையில் இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. நான் அப்பவே சொன்னேனே என்று சபூரா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பின் அவர் ஒருநாளும் தட்டைத் தள்ளவில்லை. ஆனால் நாக்கு இணங்கவில்லை. பழகினால் பிடித்துப்போகும் என்று எல்லாரும் சொன்னார்கள். நாள்தோறும் உட்கார்ந்தார், தின்றார், எழுந்தார். ஒரு வேளை முடிந்ததும் அடுத்த வேளையை நினைத்து அலுப்பு வரும். சாப்பாட்டை எதிர்பார்த்து வேலை செய்த காலம் போய்விட்டது. அதை யாரிடம் சொல்லி அழ முடியும், உயிர் பிழைத்தவன்?

தோளில் கம்பு ஏற்றுகிற தெம்பு திரும்பவில்லை. அலாவுதீன் பானைகளைச் சுமந்து வந்து துறைக்கு எதிரே கடைகளின் நடைபாதையில் வைத்துவிடுவான். மீரான் அங்கே முக்காலியில் உட்கார்ந்து பரிமாறினார். பழைய ஆட்கள் திரும்ப வந்தார்கள். வாதம் தேவலையா என்று விசாரித்தார்கள். தேவலை என்றார்.

அப்படி வருகிறவர்களில் ஆ செங் என்று ஒருவன். மூட்டை தூக்குகிறவன், நல்ல ஆகிருதி. எப்போதும் கறி வாங்க மாட்டான், சோற்றில் ஆணம் மட்டும் நிறைய ஊற்றச் சொல்வான். ஒருநாள் காலையில் அவன் தெருவைத் தாண்டி வருவதை மீரான் பார்த்தார். காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று போட்டு நடந்து வந்தான். சாப்பிடக் குந்தியவன் எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டான். மீரானுக்குச் சோற்றுக்கரண்டி கையில் நின்றுவிட்டது.

மறுநாளும் அவன் வந்தான். மீரான் அலாவுதீனிடம் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். அலாவுதீன் பதறிப்போனான். இங்கே உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னால் நம் வயிற்றில் நாமே அடித்துக்கொள்வது போலாகும், ஆஸ்பத்திரிக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று கேட்டான். மீரானும் அதையேதான் ஒரு நாள் முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். ஆ செங் தட்டை நீட்டினான். அவர் சோறு போடவில்லை.

துறையில் எல்லாருக்கும் பொதுவான பாசார் மலாயில் சொன்னார். உனக்குக் கால் மரத்திருக்கிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது, வாதம் என்று சொன்னது பொய், இந்த வெள்ளைச் சோற்றை மட்டும் தின்று தின்று வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போ. அதுவரை இதைத் தின்னாதே.

ஆ செங் முதலில் சிரித்தான். பிறகு முகம் மாறியது. "இத்தனை வருஷமா நீதானே போட்டே?" என்று கேட்டுவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போனான். குந்தியிருந்த மற்றவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள்.

அன்று பாதிப் பானை திரும்பி வந்தது. மறுநாள் அதற்கும் மேல். மீரான் சோற்றில் விஷம் என்று பேச்சு பரவியது. பக்கத்துத் தெருவில் வேறொருவர் அதே சியாம் அரிசியைப் போட்டு விற்றார், கூட்டம் அங்கே போனது. அலாவுதீன் கம்பைச் சுவரில் சாத்திவிட்டுத் தையல் கடைக்கே போவதாகச் சொன்னான். சபூராதான் அவனை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு அவள் இன்னொரு காரியமும் செய்தாள். புஷ்பவள்ளியிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, ஒரு மூட்டைப் புழுங்கல் அரிசிக்கு ஏற்பாடு செய்தாள். வெள்ளைச் சோற்றோடு ஒரு சின்னப் பானைப் புழுங்கலும் துறைக்குப் போகட்டும் என்றாள்.

"யாரும் தொட மாட்டாங்க" என்றார் மீரான். "நானே வேற வழியில்லாமத் திங்கறேன்."

"தொடலைன்னா திருப்பிக் கொண்டாங்க. வீட்டுல நாம தின்னுக்குவோம்."

அவர் சொன்னதுதான் நடந்தது. யாரும் தொடவில்லை. தோட்டத்திலிருந்து வந்த தமிழர் இரண்டொருவர் வாங்கினார்கள், அவர்களும் முகம் சுளித்தார்கள். பயற்றைச் சேர்த்து ஆணத்தைக் கொதிக்கவிட்டுப் பார்த்தார் மீரான். கொழகொழவென்று இருக்கிறதென்று வெள்ளைச் சோற்றுக்காரர்கள் திட்டினார்கள். ஆனாலும் ஊற்றினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் திரும்பி வந்தார்கள், பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. அலாவுதீனின் முனகல் நிற்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஆ செங் வந்தான். இளைத்திருந்தான். கையில் தடி. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்களாம், மூட்டை தூக்க இன்னும் முடியாதாம். முக்காலிக்குப் பக்கத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தன்னை அங்கே கூலி அரிசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று நெடுநேரம் திட்டித் தீர்த்தான். பிறகு வெள்ளைச் சோறு ஒரு தட்டு கேட்டான்.

மீரான் சின்னப் பானையைத் திறந்து புழுங்கலைப் போட்டு, பயற்று ஆணத்தை ஊற்றி நீட்டினார். ஒரு மீன் துண்டையும் வைத்தார். ஆ செங் தட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். வாங்கிக்கொள்ளாமல் இருந்தான். மீரான் தனக்கும் அதையே ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அவன் எதிரிலேயே தின்னத் தொடங்கினார். கொஞ்ச நேரம் பொறுத்து அவனும் கை வைத்தான். இரண்டு கவளம் இறங்கியது.

"பழகிடுச்சா உனக்கு?" என்று கேட்டான்.

"இல்ல" என்றார் மீரான்.

ஆ செங் தலையாட்டினான். மழை நடைபாதையின் ஓரம் வரை தெறித்தது. இருவரும் தட்டைக் காலி செய்தார்கள்.